பொன்னியின் செல்வனும் படிப்போர் எழுப்பிய வினாவும்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் தொடராக வெளிவந்த வரலாற்றுப் புதினமாகும். தொடர் முடிந்தபோது படிப்போர் பலர் மனநிறைவு எய்தவில்லை என்பது, ஆசிரியர் முடிவுரை எழுத நேர்ந்தமையாலேயே விளங்கும். அவர்தம் வினாக்களை யாம் இருவகைப்படுத்திக் காண்கின்றோம். கதைமாந்தர் பின்னர் என்னவாயினர் என்பது ஒன்று. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பது மற்றொன்று.

முதல் வினாவிற்கு முடிவுரை விடை தருகின்றது. குந்தவை வந்தியத்தேவனை மணந்தனள் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டே சான்றாகும். இரண்டாம் வினாவோ இன்றும் ஓயவில்லை. கடம்பூர் மாளிகையில் இருள் சூழ்ந்த நிலையில் கொலை நிகழ்கின்றது. பழி வந்தியத்தேவன்மேல் விழுகின்றது. பின்னர்ப் பெரிய பழுவேட்டரையர் அதனைத் தம்மேல் ஏற்கின்றார். அவர் கூற்று உண்மையோ, பிறரைக் காக்கும் பொருட்டுச் சொல்லியதோ என்பதில் படிப்போர் வேறுபடுவர். இவ்வாறு விட்டது குறையென்பார் ஒருசாரார். வரலாறே தெளிவுறக் கூறாததைப் புதினம் கூறாமை முறையே என்பார் மற்றொரு சாரார்.

இவ்விரு கருத்தும் முழுமையுடையன அல்ல என்பது எம் துணிபு. வரலாறு முற்றிலும் வாய்மூடி நிற்கவில்லை. இராசராசனது 2-ஆம் ஆட்சியாண்டில் எழுந்த உடையார்குடிக் கல்வெட்டு, சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோரைத் துரோகிகள் எனப் பெயர் சுட்டி, அவர்தம் உடைமைகள் கைப்பற்றப்பட்டதைக் கூறுகின்றது. இரவிதாசன் ‘பஞ்சவன் பிரமாதிராசன்’ என்றும், பரமேசுவரன் ‘இருமுடிசோழப் பிரமாதிராசன்’ என்றும் பட்டம் பெற்றவர்கள். பின்னைய பட்டம் சோழ அரசோடு தொடர்புடையது. எனவே, கொலையைப் பாண்டியர் பழிவாங்கல் என்ற அளவில் மட்டும் அடக்குதல் எளிதன்று.

உத்தம சோழன் ஆட்சி முடிந்து 985-இல் இராசராசன் அரியணை ஏறிய பின்னரே இந்நடவடிக்கை கல்லில் பதிவாகியுள்ளது. உத்தமன்மேல் நீலகண்ட சாஸ்திரியார் ஐயங்கொண்டார். சதாசிவப் பண்டாரத்தார் அதனை மறுத்தார். வரலாற்றில் உண்மையான மருமம் இதுவேயாகும்.

புதினம் இம்மருமத்தை எவ்வாறு கையாள்கின்றது? குழந்தை மாற்றத்தால், பேராசை கொண்ட மதுராந்தகன் வேறொருவனாகின்றான். சிவபத்தியும் அடக்கமும் உடைய சேந்தன் அமுதன் உத்தமனாகின்றான். கொன்ற கை எதுவென்று கூறாத ஆசிரியர், கொலையால் அரசுரிமை எய்தியவரை மட்டும் ஐயத்தினின்று முன்னரே விடுவித்துவிடுகின்றார். அருள்மொழியின் தியாகத்திற்கு ஏற்ற ஒருவன் வேண்டும் என்பதே இதன் காரணம். மணிமுடியைக் கொலைகாரனுக்கு அளித்தால் அது தியாகமாகாது.

ஆகவே, ‘யாருடைய கத்தி?’ என்று வினவுவோர் வழிதவறியவர் அல்லர். அவர்தம் மனக்குறை உண்மையானது. அது பிறக்கும் இடமே வேறு. புதினத்தின் அறநோக்கம் அதன் மருமத்தைத் தன்பால் வளைத்துக்கொண்டது. வளைந்த இடத்தில் நேர்ந்த இடைவெளியையே படிப்போர் உணர்ந்தனர். 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இக்கதை இரு பகுதித் திரைப்படமாக வந்தபோதும் அவ்வினா புதிதாய் எழுந்தமை ஈண்டுக் கருதத்தக்கது. படிப்போர் கருத்தைச் சுவைவேறுபாடு என ஒதுக்காது, நூலின் கட்டமைப்பைக் காட்டும் சான்றாகக் கொண்டு ஆராய்தல் திறனாய்வாளர் கடனாகும்.