படிக்கட்டும் ஓடுதளமும்

இன்றைக்கு வியர்த்து இன்றைக்கே திருப்தியடைந்தால் அது உடற்பயிற்சி. தொலைவிலுள்ள இலக்குக்காக நாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் பயிற்சி. அமெரிக்கப் பளுதூக்கல் பயிற்சியாளர் மார்க் ரிப்பிட்டோ கிழித்த கோடு இது. ஜிம்மில் பழகும் பலருக்கு இது வேதவாக்கு. முதல் வகையை இளக்காரமாகப் பார்க்கும் வழக்கமும் கூடவே வந்துவிட்டது. அந்த இளக்காரத்துக்கு ஆதாரம் உண்டா?

1953-இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றிய ஆய்வை லான்செட் இதழில் வெளியிட்டார். உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவு. அவர்களில் யாரும் இலக்கு வைத்துப் படியேறவில்லை. சில்லறைப் பையோடு, அடுத்த நிறுத்தத்துக்குள் டிக்கெட் கொடுத்து முடிக்கும் அவசரத்தில் ஏறி இறங்கினார்கள். இதயம் அதையும் வரவு வைத்துக்கொண்டது.

ஆனால் மாரிஸ் அதோடு நிற்கவில்லை. 1956-இல் சீருடை அளவுகளைப் புரட்டினார். ஓட்டுநர்களின் இடுப்பளவு இளம் வயதிலேயே பெரிதாக இருந்தது. அப்படியானால் படிக்கட்டு மட்டுமே காரணமல்ல. தன் முடிவைத் தானே உரசிப் பார்த்த அந்த நேர்மைக்காகவே அவரை நம்பலாம். பிறகு அரசு அலுவலர்களை ஆராய்ந்தபோது, மூச்சிரைக்க உழைத்தவர்களுக்கே பலன் தெளிவாகத் தெரிந்தது. ஆக, உடல் பார்ப்பது நோக்கத்தை அல்ல, பளுவை.

அப்படியென்றால் நோக்கம் எதற்கு? அதே லண்டனில், மருத்துவ மாணவர் ரோஜர் பேனிஸ்டர் மதிய உணவு நேரத்தில் கால் மைல் ஓட்டங்களைப் பத்து முறை, இடையில் இரண்டு நிமிடம் விட்டு ஓடிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஆகும் வினாடிகளைக் குறைப்பதே வேலை. 61 வினாடியில் வந்து முட்டிக்கொண்டது. கடிகாரத்தை விட்டுவிட்டு ஸ்காட்லாந்தில் மலையேறிவிட்டு வந்தார், 59 கிடைத்தது. 1954 மே 6 அன்று ஒரு மைலை 3 நிமிடம் 59.4 வினாடியில் கடந்தார்.

நடத்துநரின் படிக்கட்டுக்கு என்றும் ஒரே உயரம். பேனிஸ்டரோ பழகிப்போன வேகத்தைத் தானே கடினமாக்கிக்கொண்டார். நோக்கம் செய்யும் வேலை இவ்வளவுதான். ஆனால் வேறெதுவும் அதைச் செய்வதில்லை. திறன் கூட வேண்டுமென்றால் ரிப்பிட்டோ சொல்வது சரி. நோயின்றி நடமாட விரும்புகிறவரை அந்தக் கோட்டுக்கு அந்தப்பக்கம் நிறுத்தி ஏளனம் செய்ய அவருக்கோ அவர் வழி நடப்பவர்களுக்கோ ஆதாரமில்லை.