திசுவில் நூல் இல்லை

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் ‘திசுக்களின் அமைப்பு’ன்னு ஒரு பாடம் இருக்கு. பக்கத்து வீட்டுப் பையன் அதைச் சத்தமாப் படிச்சிட்டிருந்தான். எலும்பும் ஒரு திசுதான் என்ற இடம் வந்தது.

“டேய், திசுன்னா என்னடா?”

“திசுன்னா... திசுதான்ணா.”

அவன் வீட்டில் தறி ஓடுது. வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில், அய்யம்பேட்டை மாதிரி ஊர்களில் அப்படி எத்தனையோ வீடுகள். என் புகாரே இதுதான்: நெசவிலிருந்து பிறந்த ஒரு சொல்லை, நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கே புரியாமல் செய்துவிட்டோம்.

ஆங்கிலச் சொல்லுக்கு மூலம் பிரெஞ்சு. ‘நெய்யப்பட்டது’ என்று பொருள். பிரெஞ்சுக்காரரான பிஷா 1801-ல் வெளியிட்ட நூலில், மைக்ரோஸ்கோப்பை நம்பாமல், உடலின் பகுதிகளை ஊறவைத்தும் வேகவைத்தும் பார்த்து 21 வகைகளாகப் பிரித்தார். அவருக்கு அந்தச் சொல்லில் துணி தெரிந்தது. நாமோ ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இலங்கைப் பாடநூல்களில் இது ‘இழையம்’. செல் அங்கே ‘கலம்’. (நம்ம ஊர்ப் பிள்ளைக்கு செல்னா போன், பழைய தமிழில் கரையான்.) இழையம் என்றால் பாதி விளக்கம் சொல்லிலேயே வந்துவிடுகிறது. தோலின் உள்ளடுக்கில் கொலாஜன் இழைகள் பின்னிக் கிடக்கின்றன. எலும்பிலும் அதே இழைகள்தான், நடுவே கால்சிய உப்பு. கோழி எலும்பை வினிகரில் சில நாள் ஊறப்போட்டால் உப்பு கரைந்து எலும்பு வளையும். மிச்சம் இருப்பது பெரும்பாலும் இழை. ரத்தத்திடம் மட்டும் இந்த உவமை கொஞ்சம் தடுமாறும், ஓடும்போது அதில் நூல் ஏது? உறையும்போதுதான் ஃபைப்ரின் இழை விடும்.

வடமொழி, தமிழ்ச் சண்டைக்குள் நான் போகவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1872-ல் கிரேயின் உடற்கூற்று நூலைத் தமிழில் கொண்டுவந்தபோது வைத்த பெயர் ‘மனுஷ அங்காதிபாதம்’. அதில் வடமொழி தாராளம். அவருடைய வேதியியல் நூலுக்குப் பெயர் ‘கெமிஸ்தம்’, அது ஒலிபெயர்ப்பேதான். அதனால் கடன் வாங்குவதே தப்பு என்று சொல்ல மாட்டேன். கல்லூரிக்குப் போய் ஆங்கிலத்தில் படிக்கும்போது ‘திசு’ கைகொடுக்கும், அதுவும் உண்மை. ஆனால் பள்ளியோடு உடற்கூறு படிப்பு முடிந்துபோகிறவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு என்ன கைகொடுக்கும்?

தமிழில் இருந்தாலே போதும் என்றும் ஆகாது. லிகமென்ட்டுக்கு ‘தசைநார்’ என்று எழுதுகிறோம். எலும்பையும் எலும்பையும் கட்டுகிற அந்த நாரில் தசையே கிடையாது. தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். அந்தப் பெயர் பொருத்தம். முழங்கால் லிகமென்ட் அறுந்தவரிடம் ‘தசைநார் கிழிஞ்சிருக்கு’ன்னா அவர் தசைன்னு நினைச்சுக்கிட்டு எண்ணெய் தேய்த்து நீவத்தான் ஆள் தேடுவார். இதில் திசுவை விட தசைநார் மோசம் என்பேன். திசு ஒன்றும் சொல்லாது, இது தப்பாகச் சொல்கிறது. ‘எலும்பு நார்’ என்றாவது எழுதலாம்.

பையனிடம் இழையம்னு ஒருதரம் சொன்னேன். “அப்போ எலும்புல பாவும் ஊடையும் இருக்குமா?”ன்னு கேட்டான். தறி மாதிரி இல்லடா, ஆனா கெட்டியான எலும்பில் இழைகள் அடுக்குக்கு அடுக்கு திசை மாறிப் போகும்னு சொன்னேன். பரீட்சைக்குத் திசுன்னுதான் எழுதணும்னும் சேர்த்துச் சொல்லி வைத்தேன்.