லோகெயினை மன்னிக்கலாமா?

வீடியோ கேம் வில்லன்களில் பெரும்பாலானவர்கள் நம் நம்பியார் போலக் கையைப் பிசைந்துகொண்டு வருவார்கள். உலகத்தை அழிக்க வேண்டும் என்பார்கள். ஏன் என்று கேட்டால் சரியான பதில் இருக்காது. உலகத்தை அழித்துவிட்டு எங்கே குடியிருப்பதாக உத்தேசம் என்று எவரும் கேட்பதில்லை.

கனடாவின் பயோவேர் கம்பெனி 2009 நவம்பரில் வெளியிட்ட 'டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்' ஆட்டத்தில் வரும் லோகெயின் வேறு ஜாதி. ஃபெரெல்டன் என்னும் கற்பனை நாட்டின் தளபதி. விவசாயி மகன். பக்கத்து சாம்ராஜ்யமான ஆர்லே தன் நாட்டை ஆக்கிரமித்திருந்தபோது மாரிக் என்ற இளவரசனுடன் சேர்ந்து போராடி விரட்டியவர். மாரிக்கின் மகன் கைலன் இப்போது ராஜா. லோகெயினின் மகள் அனோரா ராணி.

பாதாளத்திலிருந்து டார்க்ஸ்பான் என்ற பிசாசுக் கூட்டம் கிளம்பி வருகிறது. ஆஸ்டகார் கோட்டையில் யுத்தம். ராஜா முன்னால் நிற்பார். கோபுரத்தில் தீ தெரிந்ததும் லோகெயின் படை பக்கவாட்டிலிருந்து பாய வேண்டும். தீயை ஏற்றுவது நீங்கள்தான். ஏற்றுகிறீர்கள். லோகெயின் பார்க்கிறார். படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். மாப்பிள்ளை அங்கே செத்துப்போகிறார்.

துரோகி என்று முடிவு கட்டிவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். கோபுரத்திலேயே எதிரிகள் புகுந்துவிட்டதால் தீ ஏற்றத் தாமதமாகிவிடுகிறது. அதற்குள் யுத்தம் தோற்றுவிட்டதா, மிச்சப் படையையாவது காப்பாற்றினாரா என்பதை ஆட்டம் கடைசிவரை பட்டவர்த்தனமாகச் சொல்வதில்லை. பெருமையில் மிதக்கும் கைலனோ உதவிக்கு ஆர்லே வீரர்களை அழைக்கலாம் என்கிறான். லோகெயினுக்கு இது, துரத்திய திருடனைத் திரும்பக் கூப்பிட்டு வீட்டுச் சாவியைக் கொடுப்பது. 2010-ல் வந்த 'ரிட்டர்ன் டு ஆஸ்டகார்' என்ற இணைப்பில் ஆர்லேயின் மகாராணி செலீனுடன் கைலனுக்கு இருந்த கடிதப் போக்குவரத்து அகப்படுகிறது. குழந்தை இல்லாத அனோராவைத் தள்ளிவைத்துவிடு என்று மாமா ஈமன் எழுதிய யோசனையும் கிடைக்கிறது. ஆக, கிழவர் சந்தேகப்பட்டது முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை.

இதுவரை அனுதாபப்படலாம். அப்புறம் நடப்பதுதான் சிக்கல். ராஜாவின் சாவுக்குக் கிரே வார்டன்கள்மேல் பழி போடுகிறார். ஈமனுக்கு விஷம் வைக்க ஏற்பாடு செய்கிறார். உள்நாட்டுச் சண்டைக்குப் பணம் தேவைப்பட்டதும் தலைநகர் டெனரிமின் சேரியில் வாழும் எல்ஃப்களை டெவின்டர் நாட்டு அடிமை வியாபாரிகளிடம் விற்கிறார். கேட்டால், கலவரத்தில் பாழான அந்தச் சேரியை எப்படியும் காப்பாற்ற முடியாது என்கிறார். அந்நியனிடமிருந்து ஜனங்களை மீட்ட அதே ஆள். அவர் மனசில் இருக்கும் 'நாடு' என்ற படத்தில் எல்ஃப்கள் இல்லவே இல்லை. பேராசை பிடித்தவனாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். இவர் காசு ஒன்றையும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

ஆட்டத்தில் எனக்கு ஒரு பெரிய குறை. பாதிக் கதைவரை லோகெயினைக் கத்துகிறவராக, பக்கத்தில் ஹோ என்ற அசல் அயோக்கியனுடன்தான் காட்டுகிறார்கள். பிரபுக்கள் சபையில் அவரைத் தோற்கடித்தபின் தலையை வெட்டலாம், அல்லது வார்டனாகச் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்துக்கொண்டால் மட்டுமே மனசு விட்டுப் பேசுகிறார். சைமன் டெம்பிள்மேனின் அந்தக் களைத்த குரலை அப்போதுதான் நிதானமாகக் கேட்க முடியும். வெட்டினவர்களுக்கு எதுவும் தெரியாமலே போய்விடுகிறது. எழுதியவர்கள் தங்கள் சிறந்த சரக்கைப் பரணில் ஒளித்துவைத்த மாதிரி.

மன்னிப்பதற்கும் விலை உண்டு. ஆரம்பத்திலிருந்து கூடவே வந்த அலிஸ்டர், ஆஸ்டகாரில் குருவைப் பறிகொடுத்தவன், கோபித்துக்கொண்டு உங்களை விட்டுப் போய்விடுவான். ஆனால் கடைசியில் அந்த ராட்சச டிராகனைக் கொல்ல ஒரு வார்டன் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கும்போது, நான் போகிறேன் என்று லோகெயினே முன்வருகிறார். பாவம் கழிந்ததா?

பதில் சொல்லுமுன் ஆட்டத்தை இன்னொரு முறை, டெனரிம் சேரியில் பிறந்த எல்ஃபாக ஆடிப்பாருங்கள். அடிமை வியாபாரிகளின் கிடங்கில் கூண்டுக்குள் நிற்பவர்களில் ஒருவர் உங்கள் அப்பா.