திரையில் ஆட்டம்: கால் தெரிகிறதா?

'சார்பட்டா பரம்பரை'யில் டான்சிங் ரோஸ் குத்துச்சண்டை மேடை ஏறும் காட்சியை எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் என் கண் போவது ஒரே இடத்துக்குத்தான். அந்த வேடத்தில் நடித்த ஷபீர் கல்லரக்கலின் கால். குதிகால் தரையில் ஊன்றுவதே அபூர்வம். இடுப்புக்கு மேலே உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது, கால் வேறொரு பக்கம் நழுவுகிறது. கையை இறக்கிவிட்டு முகத்தை நீட்டி, 'அடி பார்க்கலாம்' என்பதுபோல் கூப்பிடுகிறார். 1990களில் குத்துச்சண்டை வீரர் நசீம் ஹமீதின் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு அவர் நினைவு வராமல் போகாது. ஆர்யாவின் கபிலன் முதலில் திணறுகிறான். பிறகு அந்தக் காலின் தாளம் அவனுக்குப் பிடிபடுகிறது. பிடிபட்டதும் அடி இறங்குகிறது. இந்த மாற்றத்தை யாரும் வசனத்தில் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டு பேருடைய முழு உடம்பும் கேமராவுக்குள் இருந்ததால் நாமே பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அதே படத்தில் இன்னொரு எதிராளியான வேம்புலியோடு நடக்கும் சண்டைகளில் இந்தத் தெளிவு குறைகிறது. மெதுவாக ஓடும் ஷாட்டுகள், நெருக்கத்தில் முகம், தெறிக்கும் வியர்வை. உணர்ச்சி உச்சத்தில்தான் இருக்கிறது. ஆனால் யார் எந்தப் பக்கம் நகர்ந்தார், எந்த அடிக்கு எது பதில் என்பது கண்ணுக்குப் பிடிபடுவதில்லை.

விளையாட்டை வைத்து வரும் படத்தையோ தொடரையோ நான் முதலில் சோதித்துப் பார்ப்பது இதை வைத்துத்தான்: ஆடுகிறவரின் கால் தெரிகிறதா? நேரலை ஒளிபரப்பு இந்தப் பாடத்தை எப்போதோ படித்துவிட்டது. கிரிக்கெட்டில் முக்கியக் கேமரா பந்துவீச்சாளரின் தலைக்குப் பின்னால் உயரத்தில் நிற்கிறது. பந்து எங்கே குத்துகிறது, மட்டையாளர் முன்காலில் போகிறாரா, பின்காலில் போகிறாரா என்பதெல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கிறது. சினிமா அந்த இடத்தை விட்டு அவசரமாக இறங்கிவிடுகிறது. கையிலிருந்து பந்து விடுபடும், கட். மட்டை சுழலும், கட். வானம், கட். கூட்டம் துள்ளும். ஆறு ரன் போனதாக நம்ப வைக்கப்படுகிறோமே தவிர, அந்த ஆறு எப்படி வந்தது என்பதைப் பார்க்கவில்லை.

மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'ரேஜிங் புல்' (1980) பெரிய படம். ராபர்ட் டி நீரோவுக்கும் படத்தொகுப்பாளர் தெல்மா ஸ்கூன்மேக்கருக்கும் ஆஸ்கர் வாங்கித் தந்த படம். கேமராவைக் கயிறுகளுக்கு உள்ளேயே கொண்டுபோய், சண்டைக்குச் சண்டை மேடையின் அளவைக்கூட மாற்றி, ஜேக் லமோட்டாவின் மண்டைக்குள் நடப்பதை ஸ்கார்செஸி நமக்குக் காட்டினார். சினிமாவாக அதற்கு நிகர் குறைவு. குத்துச்சண்டையாகப் பார்த்தால் எனக்குக் குறை உண்டு. லமோட்டா குனிந்து, நெருங்கி, எதிராளியின் விலாவைக் குறிவைத்து இடைவிடாமல் முன்னேறும் ஆட்டக்காரர். சுகர் ரே ராபின்சனோடு ஆறு தடவை மோதி, 1943-இல் ஒரே ஒரு தடவை வென்றார். அந்த ஒரு வெற்றியை அவர் எப்படிச் சாதித்தார், மற்ற ஐந்தில் ராபின்சன் அவரை எப்படி விலக்கி வைத்து அடித்தார் என்று படத்தைப் பார்த்து ஒருவர் சொல்லிவிட முடியாது. அடி தெரிகிறது. ஆட்டம் தெரியவில்லை.

ரயன் கூக்ளரின் 'கிரீட்' (2015) அந்த இடத்தில் துணிந்தது. படத்தின் நடுவில் வரும் சண்டையில், இரண்டு ரவுண்டுகளையும் வெட்டே இல்லாத ஒற்றை ஷாட்டாகப் பார்க்கிறோம். ஒளிப்பதிவாளர் மேரிஸ் ஆல்பர்ட்டியின் கேமரா இரண்டு வீரர்களையும் சுற்றிச் சுற்றி வருகிறது. எதிராளியாக நடித்தவர் கேப்ரியல் ரொசாடோ, நிஜ வாழ்க்கையிலும் குத்துச்சண்டை வீரர். ரவுண்டு முடிந்து மூலைக்கு வந்து மூச்சு வாங்குவது, தண்ணீர் வாங்குவது, மறுபடி எழுவது எல்லாம் அந்த ஷாட்டுக்குள்ளேயே நடக்கிறது. களைப்பு என்பது நடிப்பாக இல்லாமல் கண்முன் ஏறும் எடையாக இருக்கிறது. நம்மூரில் சுதா கொங்கரா 'இறுதிச்சுற்று'க்கு (2016) ரித்திகா சிங்கைத் தேர்ந்தெடுத்ததும் இதே நியாயத்தில்தான். நடிகைக்குக் குத்துச்சண்டை சொல்லித்தருவதைவிட, சண்டை தெரிந்தவருக்கு நடிப்பு சொல்லித்தருவது நல்ல பலன் தந்தது. தேசிய விருதின் சிறப்புக் குறிப்பும் அவருக்குக் கிடைத்தது.

கிரிக்கெட்டில் என் மனதுக்கு மிக நெருக்கமானது 1983 ஜூன் 18-ஆம் தேதி டன்பிரிட்ஜ் வெல்ஸில் நடந்த உலகக் கோப்பை ஆட்டம். ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 9 ரன்னுக்கு 4 விக்கெட். கபில்தேவ் உள்ளே வருகிறார். சீக்கிரமே 17 ரன்னுக்கு 5 விக்கெட். 138 பந்தில் ஆட்டமிழக்காமல் 175. மறுமுனையில் சையத் கிர்மானி 24. பிரியாத ஒன்பதாவது விக்கெட்டுக்கு 126. இந்தியா 8 விக்கெட்டுக்கு 266. இந்த எண்களை நம்மில் பலர் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஆனால் அந்த ஆட்டத்தைப் படச்சுருளில் யாரும் காட்ட முடியாது. பிபிசி ஊழியர்களின் வேலைநிறுத்தம்தான் காரணம் என்று சொல்லப்படுகிறது. இந்திய கிரிக்கெட்டின் போக்கை மாற்றிய இன்னிங்ஸ் ஒன்று ஸ்கோர் அட்டையிலும், மைதானத்தில் இருந்தவர்களின் பேச்சிலும், சில புகைப்படங்களிலும் மட்டும் உயிர்வாழ்ந்தது.

கபீர் கானின் '83' (2021) அந்த வெற்றிடத்துக்குள் நுழைந்த படம். ஒளிபரப்பு தவறவிட்டதைச் சினிமா எடுத்துக் கொடுத்த அபூர்வமான நிகழ்வு இது. அதனால்தான் ரன்வீர் சிங்கின் காலை நான் இன்னும் கவனமாகப் பார்த்தேன். கபில்தேவின் அடையாளம் ஒரு ஷாட்: வலதுகாலை ஊன்றிச் சுழன்று, இடதுகால் காற்றில் தூக்கி நிற்க, பந்தைக் கால்பக்கம் இழுத்து அடிப்பது. நடராஜர் ஷாட் என்று பெயரே வைத்துவிட்டோம். ரன்வீர் அதைப் பிடித்திருக்கிறார். தூக்கிய கால் அலங்காரத்துக்காக இல்லை, சுழலும் இடுப்பின் விசை அதைத் தூக்குகிறது. உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆடிய பல்விந்தர் சந்துவே நடிகர்களுக்குப் பயிற்சி கொடுத்தார் என்பது அந்த இடத்தில் தெரிகிறது. ஸ்ரீகாந்தாக வந்த ஜீவாவும் அவருடைய துறுதுறுப்பைக் கேலிக்கூத்தாக்காமல் தப்பித்தார். ஆனால் 175-க்குப் படம் ஒதுக்கிய நேரம் போதவே போதாது. 17-க்கு 5 என்ற நிலையில் கபில் முதலில் செய்தது பொறுமையாக நின்றது. அந்த நிற்பு இல்லாமல் பின்னால் வந்த ஆறு சிக்ஸர்களுக்குப் பொருள் இல்லை. சிக்ஸர்கள் இருக்கின்றன, நிற்பு அவசரத்தில் நகர்ந்துவிடுகிறது.

இந்த விஷயத்தில் 'லகான்' (2001) எவ்வளவோ தாராளம். மூன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படத்தில் மூன்று நாள் ஆட்டத்துக்கு விஸ்தாரமாக இடம் கொடுத்தார் அசுதோஷ் கோவாரிகர். 1893-இல் நடக்கும் கதை. அந்தக் காலத்தில் இங்கிலாந்து ஆட்டங்களில் ஓவருக்கு ஐந்து பந்துதான், படத்தில் ஆறு. எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு ரன் என்ற விதியும் அப்போது வரவில்லை, மைதானத்தை விட்டே வெளியே போக வேண்டும். இவற்றை நான் குற்றமாக எழுதவில்லை. ஒரு விக்கெட் விழுந்தால் மற்றவர்கள் எப்படி ஆட வேண்டியிருக்கும், முதல் நாள் சுழலாத பந்து மறுநாள் ஏன் சுழன்றது என்று கிரிக்கெட் தெரியாத ஒருவருக்கும் அந்தப் படம் ஆட்டத்தின் கணக்கைக் கற்றுக்கொடுத்தது. அதுதான் பெரிய காரியம்.

தமிழில் தமிழரசன் பச்சமுத்துவின் 'லப்பர் பந்து' (2024) இன்னொரு படி மேலே போனது. ரப்பர் பந்து தார் ரோட்டிலும் கட்டாந்தரையிலும் எழும்பும் விதமே வேறு. அதற்கேற்ற மட்டைப்பிடி, நிற்பு, தூக்கி அடிக்கும் வீச்சு எல்லாமே கிராமத்து மைதானங்களில் தானாக உருவானவை. 'அட்டகத்தி' தினேஷின் கெத்து வந்து நிற்கும்போதே இந்த ஆள் இருபது வருஷமாக இதே மண்ணில் ஆடியவன் என்று நம்பத் தோன்றுகிறது. கதையே ஆட்ட நுணுக்கத்தில்தான் பிறக்கிறது. கெத்துவின் ஆட்டத்தில் ஒரு பலவீனம் இருப்பதை ஹரிஷ் கல்யாணின் அன்பு கண்டுபிடிக்கிறான், அந்தப் பேச்சு கெத்துவின் காதுக்குப் போகிறது. ஒரு மட்டையாளனின் குறை, இரண்டு குடும்பங்களின் சண்டையாக வளர்கிறது. அணியில் இடம் கிடைப்பதைச் சாதி தீர்மானிப்பதையும் படம் மறைக்கவில்லை. 2007-இல் வெங்கட் பிரபு 'சென்னை 600028'-இல் தெரு கிரிக்கெட்டுக்குத் திரையில் மரியாதை வாங்கிக் கொடுத்தார். அந்த மரியாதைக்கு ஆட்ட அறிவைச் சேர்த்தவர் தமிழரசன்.

கால்பந்துக்கு வந்தால் சினிமா பெரும்பாலும் தோற்கிறது. 'எஸ்கேப் டு விக்டரி' (1981) பெலே, பாபி மூர், ஆர்டிலெஸ் என்று உண்மையான வீரர்களையே கூட்டிவந்தது. பெலேயின் தலைகீழ் உதையை மறக்க முடியாது. கோல்கீப்பராக சில்வெஸ்டர் ஸ்டாலோன் நகரும்போது மட்டும் வித்தியாசம் பளிச்சென்று தெரிந்துவிடும். 'டெட் லாசோ' தொடரை விரும்பிப் பார்த்தேன். இரண்டு தடவை சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது வாங்கியது அதன் உடைமாற்றும் அறைக்காக, மைதானத்துக்காக அல்ல.

கால்பந்தின் உண்மையைத் தொட்ட படத்தில் கதையே கிடையாது. 2005 ஏப்ரல் 23, பெர்னபெயு மைதானம், ரியால் மாட்ரிட் - வில்லாரியல். டக்ளஸ் கார்டனும் பிலிப் பரேனோவும் 17 கேமராக்களைத் திருப்பியது பந்தின் பக்கம் அல்ல, ஜினதின் ஜிதான் ஒருவர் பக்கம். 'ஜிதான்: 21-ஆம் நூற்றாண்டின் உருவப்படம்' என்ற பெயரில் 2006-இல் வெளியானது. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் தொண்ணூறு நிமிடத்தில் பெரும்பகுதி என்ன செய்கிறார்? நடக்கிறார். காத்திருக்கிறார். ஷூவின் முனையைப் புல்லில் தேய்த்துக்கொண்டே போகிறார். பந்து வந்ததும் இரண்டு, மூன்று தொடுதல். மறுபடி நடை. ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் ஒரு கைகலப்பில் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறுகிறார். ஒரு வீரரின் தனிமையை இதைவிட நேர்மையாகக் காட்டிய படம் எனக்குத் தெரியாது. பார்த்து முடித்ததும் வழக்கமான கால்பந்துப் படங்கள் எல்லாம் பரபரப்பாக ஓடும் விளம்பரம்போல் தோன்றின.

நான் எதிர்பாராத இடம் ஒன்று உண்டு: கார்ட்டூன். தகேஹிகோ இனோவே தன்னுடைய காமிக்ஸைத் தானே இயக்கி 2022-இல் கொடுத்த 'தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்' ஏறத்தாழ முழுக்க ஒரே ஒரு கூடைப்பந்து ஆட்டம். உண்மையான ஆட்டக்காரர்களின் அசைவுகளைப் பதிவு செய்து அதன்மேல் வரைந்திருக்கிறார்கள். அதனால் மியாகி ரியோட்டா பந்தைத் தட்டிக்கொண்டு தாழக் குனிந்து இரண்டு பேருக்கு நடுவே நுழையும்போது, எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதுவரை தெரிகிறது. கடைசி நொடிகளில் சத்தத்தை அறவே நிறுத்திவிடுகிறார்கள். வரைந்த உருவங்களின் ஆட்டம், ரத்தமும் சதையுமான நடிகர்களின் ஆட்டத்தைவிட மெய்யாக இருந்தது. நம் இயக்குநர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம்.

காலுக்கே வேலையில்லாத ஆட்டம் செஸ். 'தி குயின்ஸ் கேம்பிட்' (2020) அங்கே கையை எடுத்துக்கொண்டது. காஸ்பரோவும் புரூஸ் பான்டோல்ஃபினியும் ஆலோசகர்கள். பலகையில் இருப்பவை அர்த்தமுள்ள நிலைகள், திரையை நிறுத்தி வைத்துச் சரிபார்க்கலாம். காயை எடுக்கும் விதத்திலேயே அன்யா டெய்லர்-ஜாய் எதிராளியை எடைபோடுகிறார். அவ்வளவு கவனம் எடுத்தவர்கள், நோனா காப்ரிண்டாஷ்விலி ஆண்களோடு ஆடியதே இல்லை என்று ஒரு வரியைச் சேர்த்தது பெரும் பிழை. 1978-இல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் பெண் அவர். வழக்குத் தொடுத்தார். 2022-இல் சமரசமானது. கதைக்காக ஒரு வீரரின் சாதனையை அழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

'டிரைவ் டு சர்வைவ்' தொடர்மேல் எனக்குள்ள கோபமும் அதுவே. ஃபார்முலா ஒன்னைப் புதிய தலைமுறையிடம் கொண்டுபோனது உண்மைதான். இல்லாத பகையை உருவாக்குகிறார்கள் என்று சொல்லி, பந்தய ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் சில காலம் ஒதுங்கியே இருந்தார். அவர் பக்கம்தான் நியாயம். உண்மை ஆட்டத்துக்கு ஜோடித்த பகை தேவையில்லை. 1998 ஜூன் 14 அன்று கூடைப்பந்து இறுதியாட்டத்தில் மைக்கேல் ஜோர்டான் ஆடிய கடைசி நொடிகளை எந்தத் தொடராசிரியரும் எழுதியிருக்க முடியாது. மூன்று புள்ளி பின்தங்கிய நிலையில் ஒரு கூடை, கார்ல் மலோனின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்தது, 5.2 நொடி மீதமிருக்க வெற்றிக் கூடை. சிகாகோ 87, யூட்டா 86. 'தி லாஸ்ட் டான்ஸ்' (2020) அதைச் சுற்றிப் பத்து எபிசோடு கட்டியது. அதன் உச்சம் அந்தப் பழைய ஒளிபரப்புத்தான்.

தமிழ் இயக்குநர்களிடம் ஒரு வேண்டுகோள். நம்மிடம் கபடி இருக்கிறது. சுசீந்திரனின் 'வெண்ணிலா கபடிக்குழு' (2009) அதன் ஊரையும் வலியையும் நன்றாகவே காட்டியது. 'கில்லி' அதைக் கொண்டாடியது. ஆனால் பாடிப் போகிறவர் கோட்டைத் தாண்டும் கணத்திலிருந்து, ஏழு பேர் அவருடைய கணுக்காலுக்குக் காத்திருக்க, போனஸ் கோட்டுக்குக் கால் நீட்டி, திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொடும்வரை வெட்டாமல் ஒரு ரெய்டை நான் தமிழ்ப்படத்தில் இன்னும் பார்க்கவில்லை. ஒரு ரெய்டுக்கு விதி கொடுப்பது முப்பதே நொடி. கேமராவைப் பின்னுக்கு இழுத்து அந்த முப்பது நொடியை முழுசாக எடுங்கள்.