நூற்றிரண்டாவது அழைப்பு

1990இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வானொலி ஒன்று, 102ஆவதாக அழைப்பவருக்கு போர்ஷே கார் பரிசு என்றது. நிலையத்தின் தொலைபேசி இணைப்புகளையே வளைத்துப்போட்டு, காரைத் தட்டிச் சென்றார் கெவின் பால்சன். பிடிபட்டு, சுமார் ஐந்தாண்டு கம்பி எண்ணினார்.

வெளியே வந்தவர் கணினிக் குற்றச் செய்தியாளர் ஆனார்.

2006இல் அவர் செய்த வேலையைப் பாருங்கள். பாலியல் குற்றவாளிகளின் அரசுப் பட்டியலை மைஸ்பேஸ் சமூக வலைத்தளக் கணக்குகளோடு ஒப்பிட, பெர்ல் மொழியில் நிரல் எழுதினார். பெயர் ஒத்துப்போனால் ஆயிற்றா? ஒரே பெயரில் எத்தனை பேர்! மாதக்கணக்கில் சலித்து, 744 பேரை உறுதிசெய்த பிறகே 'வயர்டு' தளத்தில் எழுதினார். நிரலைவிட அந்தப் பொறுமைதான் அழகு. பட்டியலில் இருந்த ஒருவர் சிறுவர்களுக்கு வலைவீசியது தெரிந்து, காவல்துறை அவரைக் கைதுசெய்தது.