கார்க்கியின் பாட்டி, என் ஆயா

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நாங்கள் குடியிருந்த வீட்டில் இரண்டு அலமாரிகள். ஒன்றில் ஆயாவின் சாமிப் படங்கள், நடுவில் பெரியபாளையம் பவானி அம்மன். இன்னொன்றில் அப்பாவின் மாஸ்கோ புத்தகங்கள். முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே அச்சிட்டு, என்சிபிஎச் வழியாக மலிவு விலையில் வந்தவை. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியபோது சோவியத் ஒன்றியம் இல்லாமல் போயிருந்தது. புத்தகங்கள் இருந்தன.

அப்பா தொழிற்சங்க ஆள். அவருக்குக் கார்க்கி என்றால் தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த ‘தாய்’. “உங்க ஆயா சாமி கும்புட்டு கும்புட்டே எல்லாத்தையும் பொறுத்துப் போகக் கத்துக்கிச்சு” என்பார். எனக்குப் பிடித்த கார்க்கி, தன்வரலாற்று நூல்கள் மூன்றில் முதலாவதான ‘குழந்தைப் பருவம்’ எழுதியவர். பள்ளியில் ஒருமுறை, போன வருடம் ஒருமுறை அதைப் படித்தேன். இரண்டு வாசிப்பும் ஒத்துப்போகவில்லை.

காலராவில் இறந்த தகப்பன் தரையில் கிடக்கும் அறையில் நூல் தொடங்குகிறது. சிறுவன் அலெக்ஸேய், நீஷ்னி நோவ்கொரோத் நகரில் சாயப்பட்டறை வைத்திருக்கும் தாத்தா வீட்டுக்கு வந்து சேர்கிறான். அங்கே சனிக்கிழமை என்றால் பேரப்பிள்ளைகளுக்கு மிளாறு அடி. அலெக்ஸேய் ஒருமுறை நினைவு தப்பும் வரை வாங்குகிறான். அந்த வீட்டில் கடவுள்களும் இரண்டு பேர். பாட்டி அன்றாட வீட்டுச் சங்கதிகளை ஒன்றுவிடாமல் தன் கடவுளிடம் சொல்கிறாள். அவர் மனிதருக்கும் பறவைக்கும் பொதுவானவர். தாத்தாவின் கடவுள் தப்புக்கணக்கு எழுதி வைத்திருக்கிறவர். அவரிடம் மனப்பாட வாசகங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். ஒருநாள் ஒரு சொல் விட்டுப்போனதைப் பேரன் கண்டுபிடித்துவிட, கிழவர் ஆடிப்போகிறார். எப்போதும் ஒரே பாட்டைக் கேட்டுக் கடவுளுக்கே சலித்திருக்கும் என்று பாட்டி கேலி செய்கிறாள்.

பதினான்கு வயதில் இதைப் படித்தபோது எங்கள் வீட்டையே யாரோ எழுதியதுபோல இருந்தது. எங்கள் தாத்தா அமாவாசை தவறாமல் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலுக்குப் போய்க் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு வருவார். ஒரு மாதம் தவறினால் என்ன ஆகுமோ என்ற பயம் முகத்தில் தெரியும். அந்தப் பயம் வீட்டில் அடியாக இறங்கும், பெரும்பாலும் ஆயா மேல். ஆயாவோ பவானி அம்மனைத் தெருமுனையில் நிற்கிற பெண்ணைப் போலக் கூப்பிடுவாள். “ஏண்டி, கண்ணு தெரியலையா உனக்கு? புள்ளைக்கு மூணு நாளா சொரம்.” நல்ல கடவுள் ஆயாவுடையது, கெட்ட கடவுள் தாத்தாவுடையது. அன்றைக்கு விமர்சனம் இத்தோடு முடிந்தது.

போன வருட வாசிப்பில் இந்தப் பிரிவினை ஆட்டம் கண்டது. அதே நூலில், தாத்தா தன் இளமையைப் பேரனுக்குச் சொல்லும் இடம் உண்டு. வோல்கா ஆற்றில் சரக்குப் படகுகளைக் கயிறு கட்டித் தோளால் இழுத்த கூலி அவர். அந்த உழைப்பிலிருந்து மேலேறிப் பட்டறை முதலாளி ஆனவர். கார்க்கி அந்தக் கதையை அவ்வளவு பிரியத்தோடு எழுதுகிறார், ஆனால் கடவுள் பற்றிய அத்தியாயத்துக்கு வரும்போது அதை மறந்துவிடுகிறார். நூலின் பலவீனம் என்று எனக்குப் படுவது இதுதான். கணக்கு வைக்கிற கடவுள் எங்கிருந்து வந்தார் என்பதற்கான விடை அந்தப் படகுக் கயிற்றில் இருக்கிறது. எங்கள் தாத்தா செங்கல் சூளையில் முன்பணத்துக்கு உழைத்தவர். அவரை ஆண்டது முதலாளியின் கணக்கு நோட்டு. அவர் கும்பிட்ட சாமியிடமும் ஒரு நோட்டு இருந்ததில் என்ன ஆச்சரியம்? அடித்ததற்கு இது நியாயம் ஆகாது. ஆனால் இதை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுதவும் முடியாது.

அப்பா சொன்ன பொறுமைக்கு வருகிறேன். இரண்டாம் பாகத்தில், மனிதனைப் பொறுமை அளவுக்கு, வெளிச்சூழலுக்குப் பணிந்துபோவது அளவுக்கு உருக்குலைப்பது வேறில்லை என்ற பொருளில் கார்க்கி எழுதுகிறார். பாட்டியின் பொறுமையும் அந்தத் தீர்ப்புக்குள் வருகிறது. தாத்தாவைவிடப் பலசாலியாக இருந்தும் அவள் திருப்பி அடிப்பதில்லை. ஆனால் பட்டறை தீப்பிடிக்கும் இரவில் எல்லோரும் திகைத்து நிற்க, வெடிக்கக்கூடிய சரக்கை எடுத்துவர நெருப்புக்குள் ஓடுகிறவளும் அவள்தான். இந்தப் பெண்ணைப் பணிந்து போனவள் என்று ஒரே சொல்லில் முடிக்க முடியுமா? கார்க்கியும் முடிக்கவில்லை. தீர்ப்பையும் எழுதினார், தீயையும் எழுதினார்.

அவருக்கு அதற்குத் தூரம் உதவியிருக்கும். 1906இல் ரஷ்யாவை விட்டு வெளியேறியவர், 1913 வரை இத்தாலியின் காப்ரி தீவில் வாழ்ந்தார். அங்கிருந்தபோது, மக்கள் கூட்டத்தின் ஆற்றலையே கடவுளாகக் காணும் ‘ஒப்புதல்’ (1908) நாவலை வெளியிட்டார். இந்தக் கடவுள் பேச்சுக்காக லெனின் கடிதங்களில் அவரைக் கடிந்துகொண்டார். அதே காப்ரியில் உட்கார்ந்துதான் பாட்டியின் பிரார்த்தனைகளையும் நினைவுகூர்ந்து எழுதினார். ‘தாய்’ நாவலின் நீலவ்னாவும் மகனின் புரட்சியை ஏற்றுக்கொண்டாள், தன் கிறிஸ்துவை விடவில்லை. அப்பா அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டியிருப்பார் போல.

நானும் நான்கு வருடம் ஜெர்மனியில் இருந்தேன். அப்போதுதான் ஆயா படுத்த படுக்கையானாள். விமானக் கட்டணத்துக்குப் பணம் இருந்தது, விடுப்பும் பாக்கி இருந்தது. ரிலீஸ் முடியட்டும், போகலாம் என்று இரண்டு வாரம் தள்ளினேன். கடைசியாக வீடியோ காலில் பார்த்தேன். ஆயா என்னிடம் பேசவில்லை. சுவரைப் பார்த்து அம்மனோடு ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

பொறுமையைப் பற்றிய அந்த இடத்தை மறுபடி படித்தபோது முதலில் ஆயா நினைவுக்கு வந்தாள். பிறகு உறைத்தது. தினமும் சாமியிடமே நியாயம் கேட்டவள் அவள். மேனேஜரிடம் ஒரு வாரம் லீவு கேட்க வாய் வராதவன் நான். வெளிச்சூழலுக்குப் பணிந்துபோனது யார் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.