திருவதிகைப் பதிகத்தில் நோயுற்ற நெஞ்சம்

நாவுக்கரசரின் திருவதிகை வீரட்டானப் பதிகம் நான்காம் திருமுறையின் முதற்கண் நிற்பது. 7-ஆம் நூற்றாண்டில் எழுந்த இதனை, 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் உரைத்த வரலாற்றின் வழிநின்றே பலரும் பயில்கின்றனர். சமண் பள்ளியில் தருமசேனராய் இருந்தவரைச் சூலை பற்றியது, தமக்கையார் திலகவதியார் திருநீறு அளித்தார், பதிகம் பாடினார், நோய் நீங்கியது. காப்பியத்துக்கு இம்முடிவு வேண்டுவதே. ஆயின் பதிகத்தின் 10 பாடல்களுள் ஒன்றிலேனும் நோய் நீங்கிய செய்தி இல்லை. ஆட்பட்ட பின்னரும் வயிற்றெரிவு தணியவில்லை என்பதே 3, 4-ஆம் பாடல்களின் முறையீடு. ஆகலின் இதனை நோயோடு வாழ்ந்தவரின் பாட்டாகக் கொள்வதே பொருந்தும் என்பது எம் கருத்து. அச்சூலை இன்றைய மருத்துவத்தில் எந்நோய் என ஆராயப் புகுதல் வீண். பதிகம் அதற்குச் சான்று தாராது.

இவ்வாறு கொள்ளின் ஒரு முரண் விளக்கம் பெறும். முதற்பாட்டில், தாம் செய்த தீங்கு தமக்கே தெரியாது என்கிறார். 4-ஆம் பாட்டில், பண்டை அறியாமையே ஏது என்கிறார். 6-ஆம் பாட்டிலோ, வழிபாட்டை ஒருநாளும் மறந்ததில்லை எனச் சாதிக்கிறார். சமண் சார்ந்திருந்தவர் இங்ஙனம் கூறுவது யாங்ஙனம்? வரலாற்றோடு பொருத்தப் புகுவார் இடர்ப்படுவர். நெடிது நோயுற்ற நெஞ்சம் காரணம் தேடி ஓயாது. குற்றத்தைத் தன்மேல் ஏற்றும். மறுகணமே தன்னை விடுவிக்கும். அந்நெஞ்சின் நிலைகளே இவை.

8-ஆம் பாட்டில் துணை ஒருவரும் இல்லை என்கிறார். தமக்கையார் இருந்தாரே எனின், குடரைப் பற்றி முறுக்கும் நோவினுள் உடன்பிறந்தாரும் புகவியலாது என்க. 5-ஆம் பாட்டில் ஆழ்நீரில் நிலைகொள்ளாது தவிப்பவரையும் கரையில் நிற்பாரையும் காண்கிறோம். கரைநின்றாரைச் சமணர் எனக் கொள்ளலாம். ஆயினும் நோயுற்றார்க்கு நலமுடையோர் அனைவரும் கரைநின்றாரே.

பாடல்களின் முடிபுகளும் நோக்கத்தக்கவை. முதற்கண் பொறுக்கலாற்றாமை, 7-இல் அயர்வு, 8-இல் அலுப்பு. நோவின் கடுமையைப் பாடுதல் எளிது. அலுப்பைப் பாடுதல் அரிது. கூர்த்த வலி ஒரு பொழுதில் வந்து தாக்கும். அலுப்போ நாள்பல கடந்தே வரும். 9-ஆம் பாட்டில் அது சினமாகிறது. அடியார் படும்பாடு இதுவாயின் தம் போன்றோர் இனி இறைவனை நம்பார் என அவனையே இடித்துரைக்கிறார். பத்திப் பாடலுள் இத்துணிவைப் பிழையெனக் கொள்வார் நோயின் இயல்பு அறியார்.

இறுதிப் பாட்டில், மலைக்கீழ் நெரித்த அரக்கனுக்கும் பின்னர் அருளியதை இறைவனுக்கு நினைவூட்டுகிறார். வியர்த்தும் புரண்டும் எழுந்தும் வேண்டும் வேண்டுகோளோடு பதிகம் நின்றுவிடுகிறது. விடை அதனுள் இல்லை.